ஆள்மாறாட்டம்

கிளக்ஸ்விக் குடாவின் காற்று
நான்கு நொடி மின்சாரத்தைப் பிடுங்கிக்கொண்டு
திருப்பித் தந்தது.
எழுந்த கணினியில்
மூன்றாம் தொட்டி நான்காக இருந்தது.

திரையில் மூன்றுக்கு மூச்சு முட்டுகிறது,
வால்வு மூன்றுக்குப் பிராணவாயுவை அள்ளி விடுகிறது.
போனில் ஹொக்னி கத்துகிறான்:
"நாலில்தான் சால்மன் குஞ்சுகள் வாய் பிளக்கின்றன!
மூணில் சௌக்கியமாகச் சுற்றுகின்றன!"
கையால் திருகு என்றேன்.
திருகினான்.
அதன்பிறகு இரவு என்னுடையது.

இரண்டு உணர்கருவி, இரண்டு யுஎஸ்பி வடம்.
முந்தி விழித்தது பூஜ்யம், பிந்தியது ஒன்று.
லினக்ஸ் பந்தியில் அவ்வளவுதான் மரியாதை.
அதைத் தடுக்கத்தானே போன செப்டம்பரில் விதி எழுதினேன்?
எழுதியது நானே என்பதால்
விதியை நொந்துகொள்ளவும் வழியில்லை.

சமக்குறிகளை எண்ணினேன்.
இரண்டு நின்றால் கேள்வி, ஒன்று நின்றால் கட்டளை.
சரியாகவே நின்றன.
யூடெவைச் சோதனைக்கு ஓடவிட்டேன்.
படித்த கோப்புகளை ஒப்பித்துக்கொண்டே வந்தது,
ஐம்பது, அறுபது, எழுபத்து மூன்று,
என்னுடையதை மட்டும் தாண்டிப் போனது.
மௌனம் சம்மதம் என்பது
கல்யாணப் பேச்சில் சரி.

விதிகள் ஒரே வீட்டில் குடியிருப்பதில்லை.
லிப்பில் கொஞ்சம், ரன்னில் கொஞ்சம், எட்ஸியில் கொஞ்சம்.
ஒரே பெயரில் இருவர் வந்தால்
எட்ஸிக்காரன் பேச்சே செல்லும்.
என் கோப்பு லிப்பில்.
எட்ஸியில் அதே பெயரில் இன்னொன்று:
பூஜ்யம் பைட்டு.
ஓர் எழுத்தில்லை, ஒரு காற்புள்ளி இல்லை.
அந்த வெறுமை என் பதினோரு வரியையும்
வாயடைத்து வைத்திருந்தது.

தேதி: பிப்ரவரி ஒன்பது, அதிகாலை 3:40.
அன்றைய பணிப்பதிவேட்டில் சுன்னிவாவின் கையெழுத்து.
அவள் இப்போது ஏதோ எண்ணெய் மேடையில்.
ஒன்பது மாதமாக எங்கள் தொட்டிகளுக்கு
அதிர்ஷ்டம்தான் பெயர் வைத்து வந்திருக்கிறது.
அவளுக்கென்று ஒரு வசவைத் தயாராக வைத்துக்கொண்டு
வெற்றுக் கோப்பை அழித்தேன்.

மறுபடி ஓட்டினேன்.
இரண்டு வடமும் ஒரே பெயருக்குக் கை நீட்டின.

குலங்கோத்திரம் விசாரித்தேன்.
தயாரித்தவன் ஒருவன், சில்லு ஒன்று,
வரிசை எண்
இருவருக்கும் 0001.
அச்சு அசல்.
ஜனவரியில் ஒன்று பழுதானபோது
மலிவாய்க் கிடைக்கிறதென்று
நான்தான் வாங்கிப் போட்டேன்.

சுன்னிவா என் விதியைக் கொல்லவில்லை,
அது பொய் சொல்வதை நிறுத்தியிருக்கிறாள்.
காரணம் எழுதி வைத்திருக்கலாம்.
மூன்று நாற்பதுக்கு யார் எழுதுவார்கள்.
வசவை விழுங்கினேன்.

பிறப்பில் பேதமில்லையென்றால்
இருப்பிடத்தைக் கேட்பதுதான் வழி.
எந்தத் துளையில் இருக்கிறாய்,
இரண்டிலா நான்கிலா?
கதவிலக்கம் பார்த்துப் பெயர் வைத்தேன்.
ஒரு துளைக்குச் சிவப்பு நாடா,
நாடா தீர்ந்துபோனதால் மற்றதற்குத்
தீவனப்பை லேபிளில் கிழித்த துண்டு.
விதியின் தலையில் ஒரு குறிப்பு:
"இரண்டும் 0001. எண்ணை நம்பாதே, துளையை நம்பு. மாற்றிச் செருகாதே."

மின்சாரத்தை நானே பிடுங்கி
நான்கு நொடி எண்ணி
திருப்பிக் கொடுத்தேன்.
மூன்று மூன்றாகவே எழுந்தது.

ஹொக்னி ஈரக் கையோடு உள்ளே வந்தான்.
"நாலில் பதினேழு" என்றான்.
பதிவேட்டைத் திறந்து
எண்ணை எழுதி
காரணம் என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதினேன்.