கீழ்ச்சிறகு

அழுகிய வாழைப்பழம், பழைய பீர், கரும்புப்பாகு.
ஹிக்கரி மரத்தில் பிரஷ்ஷால் அப்புகிறாள் லொரீன்,
நவம்பரில் வெட்டுவதற்கென்று டெல்பர்ட் போட்ட
ஆரஞ்சுக் குறியின் மேலேயே.

இரவு பத்தரை. இண்டியானா கொசுக்கள்.
டார்ச்சில் சிவப்புத் தாள்.
பட்டை, பட்டை, பட்டை,
அதில் ஒரு துண்டு
குடித்துக்கொண்டிருக்கிறது.

புல் நுனியால் தொட்டாள்.
மேற்சிறகு விலக
உள்ளே சிவப்பில்லை, மஞ்சளில்லை.
கறுப்பு. ஓரத்தில் வெள்ளை நூல்.

கையேட்டில் இவற்றுக்கு
மணமகள், மனைவி, கண்ணாட்டி என்றெல்லாம் பெயர்.
இது விதவையாம்.
எவன் வைத்தானோ.
நோட்டில் எழுதினாள்:
'ஆகஸ்ட் 19. ஒன்று. நல்ல தாகம்.'

இனி பட்டை வெடிப்பில் முட்டை,
அதன்மேல் பனி.
துளிர் விடும் வாரம்தான் புழுவும் வரும்,
பிறகு சருகுக்குள் கூடு.

அதுவரை மரம் நிற்க வேண்டும்.

பாகு காய்வதற்குள்
இன்னொரு பூச்சு.