ஓடுகிற தூரம் சேர்த்தியில்லை

கஸ்தூரியார் வீதி, இரண்டாம் மாடி.
கரண்ட் போய் வந்த ஒரு புதன்கிழமை
பரிமளகாந்தி அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
என் திரையைத் தன் பக்கம் திருப்பினா.

பலாலி – ரொறன்ரோ.
நேர்கோட்டில் பதின்மூவாயிரத்து எழுநூறு கிலோமீற்றர், முன்னப்பின்ன.
அந்தக் கோடு வடதுருவப் பனிக்குக் கிட்டவால் போகிறது,
அதால் ஒருத்தரும் போறேல்லை என்றேன்.
ஆட்கள் போற வழி வேறை:
சென்னைக்கு ஒண்டேகால் மணித்தியாலம்,
அங்கே கதிரையில் ஆறரை,
பிராங்பேர்ட்டுக்குப் பத்து, திரும்பக் கதிரையில் மூன்று,
பிறகொரு எட்டரை.

'இருபத்தொன்பதேகால்.'
கணினிக்கு முந்தி அவ சொல்லிவிட்டா.
கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருசம்
அடுத்தவன் கணக்கில் சதப் பிழை பிடித்தவ.

பிறகு கேட்டா:
'எழும்ப முந்தி நிலத்தில ஓடுற தூரம்
இதுக்குள்ள சேர்த்தியோ?'

ஐந்து வருசமாய் ரிக்கற் விற்கிறேன்.
ஜன்னல் கேட்பார்கள், மரக்கறிச் சாப்பாடு கேட்பார்கள்,
ஒடியல் மா எத்தனை கிலோ விடுவாங்கள் என்று கேட்பார்கள்.
இதை ஒருவரும் கேட்டதில்லை.
தூரம் எண்டால் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு, என்றேன்.

'புள்ளிக்கு அகலமில்லையோ, பிள்ளை?'

பையிலிருந்து உறுதியின் போட்டோக் கொப்பி வந்தது.
கட்டுவன். பன்னிரண்டு பரப்பு வெங்காயத் தறை.
வடக்கு எல்லை ஒழுங்கை.
கிழக்கு எல்லை வேலாயுதர் வாரிசுகளின் காணி.
'இப்ப நாலு எல்லையும் ஓடுபாதை.'

பென்சிலை என்னிடம் வாங்கி
ரிக்கற் உறையின் பின்பக்கத்தில் போட்டா:
காணியின் நீளம் ஐம்பத்தைந்து மீற்றர்.
விமானம் மணிக்கு இருநூறு கிலோமீற்றர் என்று வை.
ஒரு செக்கன்.

'தொண்ணூறில வெளிக்கிட்டனாங்கள்.
ரொறன்ரோவில பிள்ளைப்பெறுக்கு இருக்கிறவளுக்கு
அப்ப ரெண்டு வயசு.
சுன்னாகத்து வாடகை வீட்டிலயிருந்து ஏழு கிலோமீற்றர்.
அதுக்குப் பயண நேரம் எவ்வளவெண்டு அடிச்சுப் பார்.'

என் திரைக்கு விமான நிலையங்களை மட்டும்தான் தெரியும்.
அடிப்பதுபோல் இரண்டு எழுத்தைத் தட்டினேன்.
அவ காசை மூன்றுதரம் எண்ணி வைத்தா,
மிச்சம் நாற்பது ரூபாயைக் கேட்டு வாங்கினா.

ஞாயிறு மத்தியானம் சென்னையிலிருந்து ஒரு குரல் பதிவு.
பின்னால் அறிவிப்புச் சத்தம், ஆரோ குழந்தை அழுகிறது.

'பிள்ளை, என்ரை கணக்குப் பிழைச்சுப்போச்சு.
அது ஓடிக் கடக்கேல்லை.
அந்தத் தொங்கல் வரைக்கும் மெல்லமாய் ஊர்ந்து போய்,
எங்கட காணியிலதான் திரும்பி நிண்டது,
உத்தரவு வருமட்டும்.
நான் மணிக்கூடு பாத்தனான்.
நாலு நிமிசம்.
பெல்ற் போட்டபடி.'

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மூச்சு மட்டும்.
பதிவு முடிந்துவிட்டதென்று நினைத்தேன்.

'இஞ்ச ஒரு பிளேன்ரீ நூற்றிருபது ரூபாய்.
இந்தியக் காசில.
அதையும் குறிச்சு வை.'