மைனஸ் இருபத்தாறில் வந்த பெட்டி

பெட்டியின் மேல் மூன்று மொழிகளில் ஒரே எச்சரிக்கை:
உடனே திறக்காதீர்கள்.
லாரியில் இரண்டு இரவு விறைத்துக் கிடந்து வந்திருக்கிறது.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
சூடான அறையில் சட்டென்று திறந்தால்
மேல்பூச்சு சிலந்திவலையாய் விரிசல் விடுமாம்.

எனக்குத் தெரியாததா?
ஔலு நகரத் தெருக்களின் பனியை
இருபத்திரண்டு வருடமாய் வழித்துத் தள்ளுகிறவள் நான்.
குளிரிலிருந்து வருகிற எதையும்
அவசரப்படுத்தக் கூடாது,
உர்ப்போ உட்பட.

கூடத்தின் நடுவில் கிடத்தினேன்.
"சவப்பெட்டி மாதிரி இருக்கு" என்றான் உர்ப்போ.
பிறகு விலை கேட்டான்.
பாதியைச் சொன்னேன்.
பாதிக்கே புருவம் விட்டத்தைத் தொட்டது.
ஐம்பத்து நாலு வயதில் எதற்கு என்று
அவன் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதையும்
சத்தமாகச் செய்யத் தெரிந்தவன்.

ஆறு மணிநேரம்.
உருளைக்கிழங்கு வேகவைத்தேன்.
காலுறைகளுக்கு ஜோடி தேடினேன், ஒன்று மிஞ்சியது.
காய்ச்சல் பார்ப்பதுபோல்
அட்டைமேல் புறங்கை வைத்தேன்.
ஆற்றின் குளிர் இன்னும் போகவில்லை.

பதினொன்றேகாலுக்குத் திறந்தேன்.

முதலில் வாசனை:
வார்னிஷ், பசை,
எங்கோ ஓர் ஆலையில் யாரோ குடித்த காபி
(இது என் கற்பனையாக இருக்கலாம்).
பிறகு நிறம்.
படத்தில் ஏரிப்பச்சை.
கையில் வந்தது
பல் ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை.
விளக்கைத் திருப்பிப் பார்த்தேன்.
அதே சுவர்தான்.

கனம், நினைத்ததைவிட அதிகம்.
மடியில் வைத்தால் கழுத்து
கடைசிப் பேருந்தில் தூங்கிவழியும் ஆள்போல
என் முழங்கால் பக்கம் சரிகிறது.
ஏழாம் ஃப்ரெட்டின் ஓரம் சுண்டுவிரலைக் கீறியது.
சரி, அறிமுகம் ஆகிவிட்டது.

பத்து மணிக்குமேல் இந்தக் கட்டடத்தில்
தண்ணீர்க் குழாய்கூடக் கிசுகிசுக்கும்.
கீழ்வீட்டு ராய்லி
இருமியவர்களுக்கும் லிஃப்டில் காகிதம் ஒட்டுகிறவள்.
ஆம்ப்ளிஃபயர் மூலையில் வாய்பொத்தி நின்றது.
இணைக்காமலே மீட்டினேன்.
கொசு தும்மியது.
இதற்கா
எட்டு மாத இரவுவேலைப் படி?

பிறகு, யாரும் பார்க்கவில்லை என்பதால்,
பச்சைக் கொம்பின் நுனியைப் பற்களால்
மெல்லக் கவ்விக்கொண்டு
தடித்த தந்தியைச் சுண்டினேன்.

தாடையில் ஏறியது.
கன்னத்தெலும்பு, காதுக்குப் பின்குழி, உச்சி.
ஏரி உறையும் முதல் இரவுகளில்
பனிக்கட்டி தனக்குள் முனகும்;
கரையில் நின்று கேட்டிருக்கிறேன்.
இப்போது நானே ஏரி.
பக்கத்து அறையில் உர்ப்போவின் குறட்டை.
ராய்லி, உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது.
அறுபது வீடும் தூங்க
என் ஒருத்தியின் மண்டைக்குள் மட்டும்
விடிய விடியக் கச்சேரி.

மறுநாள் மதியம், சட்டப்படி, வயரைச் செருகினேன்.
குமிழைத் திருப்பியதும் ஓர் இரைச்சல்,
பழைய ஃப்ரிட்ஜ் விசும்புவதுபோல.
பழுதோ என்று பயந்து
தந்திகளின்மேல் உள்ளங்கை வைத்தேன்.
நின்றது.
எடுத்தேன், இரைந்தது.
வைத்தேன், நின்றது.
எடுத்தேன்.
வைத்தேன்.

விடிகாலை நாலு மணிக்கு
ஊரின் தூக்கத்தைச் சுரண்டும் இரும்பு என்னுடையது.
நான் வந்தால் நாய்கள் குரைக்கும்,
ஜன்னல்கள் அதிரும், குழந்தைகள் அழும்.
நான் தொட்டதும் ஒன்று
அமைதியானது இதுவே முதல்முறை.

"என்ன பண்றே?" உர்ப்போ, கதவருகில்.
"ஒண்ணுமில்ல."
பொய்யில்லை. இன்னும் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை.
எதனாலோ
மீதிப் பாதி விலையையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

வெகுநேரம் நின்றான்.
பிறகு குனிந்து,
முன்தகட்டில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளின்
ஒரு முனையை நகத்தால் நெருடினான்.
"இதை உரிக்கணுமா?"
"உரிக்கணும்."
"இப்பவா?"

கையை எடுத்தேன்.
இரையட்டும் கொஞ்சம் என்று விட்டேன்.