பதினோரு ஆரஞ்சுகள்

ஃபிரிட்ஜ் கதவுகளுக்கு
ரப்பர் விளிம்பு பொருத்துவது என் வேலை.
ஒரு ஷிஃப்டுக்கு நூற்று நாற்பது கதவு.
காகிதத் துண்டொன்றை இடுக்கில் வைத்து மூடி
வெடுக்கென்று இழுப்போம்.
காகிதம் கிழிந்தால் நல்ல கதவு.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, தவணையில் வாங்கியது.
உள்ளே கடுகு விழுது ஒரு புட்டி,
புளித்த முட்டைக்கோஸ் நீர்,
மகனுக்குக் காதுவலிச் சொட்டுமருந்து.
ஜனவரியில் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம்.
அடுப்பங்கரையைவிட அதற்குள் குளிர் குறைவு என்பார் நெக்குலாய்,
ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு.

குறையே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.
வேலை போய்விடும் என்ற பயம் எனக்குத் தெரியாது.
பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் காசு கேட்கவில்லை,
நர்சுக்குக் கொடுத்த வெளிநாட்டு சிகரெட் தவிர.
நாலாம் மாடியில் இரண்டு அறை, சாவி என் பையில்.
கேஸ் மட்டும் இரவு ஒரு மணிக்கு மேல்தான் ஏறும்.
அலாரம் வைத்து எழுந்து சூப் காய்ச்சுவேன்.
சுவருக்கு அந்தப்பக்கமும் கரண்டிச் சத்தம்,
மேலேயும், கீழேயும்.
எங்கள் அடுப்பையே நாங்கள் திருடுவது போல.

அந்த மார்ச்சில் ஏற்றுமதி கேட்டலாக்குக்குப்
படம் எடுக்க வந்தார்கள்.
காலிப் பெட்டியைக் கண்டால் வெளிநாட்டுக்காரன் வாங்கமாட்டானாம்.
புக்காரெஸ்டிலிருந்து ஒரு வேன், முன்சீட்டில் காவலாளி.
உப்பிட்ட பன்றித் தொடை ஒன்று முழுசாக,
வெண்ணெய் மூன்று கட்டி, முட்டை முப்பது,
வாலோடு ஒரு மீன்,
ஆரஞ்சு பன்னிரண்டு.
கணக்கெழுத ஒருவர்.
அவர் எழுதியதைச் சரிபார்க்க இன்னொருவர்.

தள்ளி நிற்கச் சொன்னார்கள்.
சொல்லாவிட்டாலும் யாரும் நெருங்கியிருக்கமாட்டோம்.
பெயிண்ட் பிரிவு ஸாம்ஃபிர் மட்டும் தொப்பியைக் கழற்றினார்,
தெருவில் சவம் போகும்போது கழற்றுவாரே, அப்படி.
அடுக்கும் வேலை ஒத்திலியாவுக்கு.
சின்னக் கை, சுத்தமான நகம்.
விளக்குகளைப் போட்டான் புகைப்படக்காரன்.
பதினான்கு வருடத்தில் அந்த ஹாலில்
அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.
கூரையில் ஒட்டடை இருந்தது அன்றுதான் தெரிந்தது.

வேன் கிளம்பும் முன் எண்ணினார்கள்.
பதினொன்று.
திரும்ப எண்ணினார்கள்.
பைகள், பூட்ஸ், தலைத்துணி, சாப்பாட்டுத் தூக்கு.
"நீதானே பக்கத்தில் நின்றாய்?" என்றார் ஃபோர்மேன் லூப்பு.
நான் ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தோழர்.
பொய்யில்லை.
அந்தக் கதவின் கீழ்மூலையில் விளிம்பு மடங்கியிருந்தது,
காகிதம் வைத்தால் வழுக்கிக்கொண்டு வந்திருக்கும்.
படத்தில் தெரியாது.

பார்க்கவில்லை என்று அறுபது பேர் கையெழுத்துப் போட்டோம்.
ஏழு மணிவரை விடவில்லை.
பிறகு கணக்கெழுதியவர்
'விளக்குச் சூட்டில் ஒன்று அழுகியது' என்று எழுதினார்.
அவருக்கும் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பஸ்ஸில் ஈரக் கம்பளி வாடை, டீசல்.
ஒத்திலியா எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்து நின்றாள்.
பாலத்தில் வண்டி திரும்பியபோது
அவள் கை என் முகத்தருகே வந்தது.
தோலையும் தின்றிருக்கிறாள்.
விதையை என்ன செய்தாளோ.

நடுச்சீட்டிலிருந்து ஒரு குழந்தை,
"பனித்தாத்தா வந்துட்டாரா அம்மா?"
அம்மா அதன் வாயைப் பொத்தினாள்.
யாரும் திரும்பவில்லை. சிரிக்கவும் இல்லை.
ஆனால் பஸ் முழுவதும்
மெதுவாக, ஒரே நேரத்தில்
மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

அடுத்த நிறுத்தத்தில் நாலு பேர் இறங்கினார்கள்.
கதவு பாதிவரைதான் மூடியது,
எப்போதும் போல.