எஞ்சின்காரனின் பரிந்துரைகள்

எதெல்மிராவுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது.
காஸ்த்ரோ துறைமுகத்தில் இறங்கியவள்
கன்னத்தைப் பொத்தியபடி சொன்னாள்:
"இந்த ஒரு சுற்று மட்டும் நீயே பார்த்துக்கொள், பவுதீலியோ."

சிலோயே தீவுகளுக்குள் சுற்றிவரும் புத்தகப் படகில்
பதினாறு வருடமாக டீசல் எஞ்சினைப் படிப்பவன் நான்.
மேலே அடுக்கியிருக்கும் எண்ணூறில்
ஒன்றைக்கூட அட்டை தாண்டிப் போனதில்லை.

அலாவோவில் மழை.
ஏறுபலகையில் முதல் ஆள்
சால்மன் பண்ணை இராக்காவல், நவ்வெல்கின்.
தொப்பியை உதறிவிட்டு
"நல்லதாக ஒன்று கொடு" என்றார்.

நல்லது என்றால்?
அவளாக இருந்தால் முகத்தைப் பார்ப்பாள்,
போன முறை எது பிடித்தது என்று விசாரிப்பாள்.
எனக்குத் தெரிந்த சங்கதி ஒன்றுதான்:
ஓடிய விதத்தை
எந்த இயந்திரமும் கறையில் எழுதி வைத்திருக்கும்.

புரட்டினேன்.
துப்பறியும் கதை. நூற்றுப் பத்தாம் பக்கம் தொடங்கி
பக்கத்துக்கு ஒரு மெழுகுத் துளி,
கடைசி வரி வரைக்கும்.
யாரோ அன்று தூங்கவில்லை.
"காவலுக்கு இதுதான்" என்றேன்.
"கொலைகாரன் யார்?"
"அது மெழுகுவர்த்திக்குத்தான் தெரியும்."

ரெமிகியாவுக்குக் காதல் கதை வேண்டும்,
ஆனால் அழவைக்கக் கூடாது.
எடுத்த புத்தகத்தின் நடுப்பகுதி
நனைந்து காய்ந்து அப்பளமாய்ப் பொருமியிருந்தது.
நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.
இங்கே கடலும் உப்புதானே,
உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றேன்.
அதையே வாங்கிக்கொண்டாள்.

சமையல் புத்தகத்தில்
அறுபத்திரண்டும் அறுபத்துமூன்றும்
மாவில் ஒட்டிக்கிடந்தன.
பிரிக்காமல் கொடுத்தேன்.
ருசியை வேறு எப்படி நிரூபிப்பது?

கிரகங்களைப் பற்றிய புத்தகத்தில்
யாரோ ஒரு பொடியன் பென்சிலால்
நிலவுகளின் எண்ணிக்கையைத் திருத்தியிருந்தான்,
மூன்று இடத்தில், கோபமாக.
சண்டை போட ஆள் தேடிக்கொண்டிருந்த
படகுக்காரர் மகள் ஒலாயா
அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

பிறகு வரலாறு.
தடித்தது, தோல் அட்டை.
முதல் இருபது பக்கம் விரல்பட்டுக் கறுத்திருக்க
மிச்சம் ஐந்நூறும் வெட்டிய வெண்ணெய் மாதிரி.
கிழவர் பெலார்மினோவிடம் ஒளிக்காமல் சொன்னேன்:
"இருபது பக்கம் மட்டும் நல்ல புத்தகம்."
"கிழங்கு தோண்டும் மாதம்," என்று சிரித்தார்,
"எனக்கு அது போதும்."

ஒன்றே ஒன்றை மட்டும் யாருக்கும் நீட்ட முடியவில்லை.
ஒல்லியான கவிதைப் புத்தகம்.
கறை இல்லை, மடிப்பு இல்லை,
இரண்டு தாளுக்கு நடுவே
ஒரு வெங்காயச் சருகுகூட இல்லை.
இதைப் பற்றி நான் என்ன சொல்ல?

இரவு நங்கூரம் போட்டபின்
எஞ்சின் சூட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு
அதைத் திறந்தேன்.
பெரும்பாலும் புரியவில்லை.
முப்பத்தொன்றாம் பக்கத்தில் நாலே வரி:
ஒரு பெண் கதவைச் சாத்துகிறாள்.
அவ்வளவுதான். எந்த வீட்டுக் கதவு,
யார் வெளியே, ஒன்றும் கிடையாது.

திரும்பப் படித்தேன்.
விளக்கைத் தணித்துவிட்டு, மறுபடி ஏற்றிப் படித்தேன்.
மறுநாள் அப்பியாவோவிலும்,
அதற்கடுத்த நாள் அலை உயர்ந்து படகு ஆடியபோதும்
அந்தக் கதவு சாத்தப்பட்டுக்கொண்டே இருந்தது.

சுற்று முடிந்து
புத்தகத்தை அலமாரியில் செருகப் போகும்போதுதான் கவனித்தேன்.
முப்பத்தொன்று வரைக்கும் என் கட்டைவிரல்,
கறுப்பாக, எண்ணெயோடு.
அதற்கப்புறம் சுத்த வெள்ளை.

நாளைக்கு இதைப் புரட்டுகிறவன்
பாதியில் போட்டுவிட்டான் மடையன்
என்றுதான் நினைப்பான்.

பெலார்மினோவைப் பார்க்க வேண்டும்.
அந்த இருபதாம் பக்கத்தில்
என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.