ஏறுவதற்கு மட்டும் காசு

எங்கள் கட்டட லிஃப்டுக்குள்
உண்டியல் மாதிரி ஓர் இரும்புப் பெட்டி.
பத்துத் தெத்ரி போட்டால் மேலே போகும்.
இறங்கக் காசு வேண்டாம்.
த்பிலிசியில் பிறந்தவர்கள் இதைக் கேள்வி கேட்பதில்லை.
பூமி இழுப்பது இலவசம்தானே.

திங்களன்று பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது:
முதல் தேதியிலிருந்து இருபது.
கையெழுத்து இல்லை. முத்திரை மட்டும்.

முற்றத்தில் கூட்டம் போட்டார்கள்.
அன்ஸோர் தரைத்தளத்துக்காரர்.
"இந்த லிஃப்டில் நான் ஏறியதே இல்லை,
அதன் கயிறு மாற்ற நான் ஏன் அழணும்?"
நியாயம்தான்.
"சரி, கூரைக்கும் நீ கொடுக்காதே.
பெய்கிற மழையை நானே குடித்துக்கொள்கிறேன்"
என்றாள் ஒன்பதாம் மாடி லம்சீரா,
முழங்காலைத் தடவியபடி.
அதுவும் நியாயம்தான்.
என் வியாதி இது:
கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்ந்துவிடுகிறேன்.

வேலை எனக்குத் தொலைக்காட்சி நிலையத்தில்.
திரையின் அடியில் ஓடுமே ஒரு வரி,
அதைத் தட்டுபவள் நான்.
ஒரு செய்திக்கு எழுபது எழுத்து.
எழுபதில் அடங்காத துக்கம்
அடுத்த சுற்றுக்கு நிற்க வேண்டும்.
நேற்றைக்கு:
ஓய்வூதியம் இருபது லரி உயர்கிறது.
நாடாளுமன்ற வாசலில் நாற்பத்தோராம் இரவு.
ஆற்றோரச் சாலையில் ஆரஞ்சு லாரி கவிழ்ந்தது,
உயிர்ச்சேதம் இல்லை.

எங்கள் மொழியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது.
அமைச்சரும்
மெட்ரோ வாசலில் சூரியகாந்தி விதை விற்பவளும்
ஒரே உயரத்தில்தான் தொடங்குவார்கள்.
இந்த நாட்டில் சொன்னபடி சமமாக இருப்பது
எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.
அவள் பெயரைத் தட்டும் வாய்ப்பு
இன்னும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

கணக்குப் போட்டேன்.
லம்சீரா நாளைக்கு இரண்டு தடவை ஏறுவாள்,
ஒரு தடவை ரொட்டிக்குப் போய், ஒரு தடவை மருந்துக்கு.
மாதத்துக்கு ஆறு லரி கூடுதல்.
அரசு இருபது கொடுக்க,
பெட்டி ஆறைத் தின்னும்.
இது எழுபதில் அடங்கும், எண்ணிவிட்டேன்.
தட்டச் சொல்லத்தான் ஆள் இல்லை.

நான்காம் மாடி ஸூரிகோவுக்குப் பதினொரு வயது.
காசில் ஓட்டை போட்டு நூல் கட்டியிருக்கிறான்.
உள்ளே விடுவான், லிஃப்ட் கிளம்பும்,
மெல்ல இழுத்துக்கொள்வான்.
ஒரே காசில் ஒரு குளிர்காலம் முழுக்க ஏறியவன்.
அவன் அம்மா ஷோரேனா
அடுத்த பேட்டையில் படி கழுவுகிறாள்,
மாடிக்கு இவ்வளவு என்று கூலி.
ஒருநாள் நான் பார்த்துவிட்டேன்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
பிறகு இருவருமாக
மேலே எரிந்த பல்பைப் பார்த்துக்கொண்டு போனோம்.

நேற்று நள்ளிரவு திரும்பியபோது
பையில் சில்லறை இல்லை.
அட்டை இருந்தது. பெட்டிக்கு அட்டை தெரியாது.
நடந்தேன்.
இரண்டில் வெங்காயம் வதங்கும் வாசனை.
மூன்றில் யாரோ இருமல்.
நான்கில் கவிழ்த்துவைத்த வாளி, ஈரச் செருப்பு.
ஐந்தில் எங்கள் நிலையத்தின் குரல்:
வாசலில் ஆயிரம் பேர்.
ஆறில் எதிர் நிலையத்தின் குரல்:
வாசலில் முந்நூறு பேர்.
ஒரு மாடி ஏறுவதற்குள்
எழுநூறு பேரைக் காணோம்.
ஏழில் கதவு திறந்து கிடந்தது.
நாற்காலியில் ஒருவர் தூங்கிவிட்டிருந்தார்,
அவர் முகத்தின் மேல்
நீலமாக
என் வரி ஓடிக்கொண்டிருந்தது.
எட்டில் மூச்சு வாங்க நின்று சாவியைத் தேடும்போதுதான்
தோன்றியது:
பெட்டிக்கும் ஒரு சாவி இருக்குமே.
அது யாரிடம் என்று
கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.
நானும்தான்.

காலையில் இறங்கினேன், இலவசமாக.
காசு போடும் துளையின் வாயில்
அரை விரல் நீளத்துக்கு வெள்ளை நூல்.
அக்கம்பக்கம் பார்த்துவிட்டு
இழுத்தேன்.
கனமே இல்லாமல்
வந்துவிட்டது.