வடகிழக்கு மூலை

காணிப் பதிவகத்துக்கு எதிர்த் தேத்தண்ணிக் கடையில்
இருபது பேர்ச் காணி ஒன்றை
மேசையில் விரித்து வைத்தோம்.
காற்றுக்குப் பறக்காதிருக்க
நாலு மூலைக்கும் நாலு பிளேன்ரீ.

நிலாவெளி வீதி, கடல் பார்த்த பக்கம்.
என் பதினொரு வருடச் சீட்டுக் காசும்
காப்புறுதிக் கந்தோரில் எடுத்த கடனும்
அந்தத் தாளில்
என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

வாங்கலாமோ, என்றேன்.

கிண்ணியா நஸ்ருல்லா கரண்டியை நிறுத்தினார்.
"பெர்மிற் காணியெண்டா கால் வைக்காதீங்க தங்கச்சி.
உறுதிக் காணியெண்டா
முப்பது வருசம் பின்னுக்குப் போய்ப் பாருங்க."
முப்பது வருடம் பின்னுக்குப் போனால்
இந்த ஊரில் எந்தச் சந்தியில் போய் நிற்பேன் என்று
நான் கேட்கவில்லை.
அவரும் அதற்குமேல் சீனியைக் கலக்கவில்லை.

தர்மபாலசிங்கம் அண்ணருக்கு வேறு கணக்கு.
"கிணத்துத் தண்ணியை நாக்கிலை வைச்சுப் பார்.
உவரெண்டால் பேர்ச்சுக்கு ஐம்பதாயிரம் குறைச்சுக் கேள்.
நல்ல தண்ணியெண்டால்
உவரெண்டு சொல்லிக் கேள்."
அவர் சாம்பல்தீவில் வாங்கிய துண்டுக்கு
இன்றுவரை வேலிதான் விளைச்சல்.

ரொறன்ரோவால் வந்து நிற்கும் மங்களநேசன்
கைபேசியில் பெருக்கிக்கொண்டிருந்தான்:
நாலு அறை, ஒரு இரவுக்கு இவ்வளவு,
திமிங்கிலம் பார்க்க வருகிறவர்கள் மே தொடக்கம்.
"செப்டெம்பருக்குப் பிறகு?"
"பிறகு மாரி."
"மாரிக்கு ஆர் வாடகை தாறது?"
பெருக்கியதை அழித்தான்.

உறுதியில் கிழக்கெல்லை: கடல்.
அவ்வளவுதான். கல் இல்லை, கதியால் இல்லை.
ரொட்டி வாங்க வந்த நில அளவையாளர் விஜேரத்னவிடம்
கடல் உள்ளுக்கு வந்தால் எல்லை எங்கே, என்றேன்.
"போற நாள் இருக்கிறதைக் கீறுவன், மிஸ்.
கீழ திகதி போடுவன்."
ரொட்டியின் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போனார்.

பிறகு பஸ் நிலையத்தில்
ஒன்றே முக்கால் பஸ்ஸுக்கு நிற்கையில்
தோள் பையை யாரோ இழுத்தார்கள்.
திரும்பினேன்.
மான்.
பயணிகளில் ஒருவரைப் போல,
கச்சான் சுருள் தின்று பழகிய வாய்.
பறித்தேன்; படத்தின் முக்கால்வாசி என் கையில்,
வடகிழக்கு மூலை அதன் வாயில்.
கிணறு இருந்த மூலை.
இதற்காக எத்தனை பேர் எத்தனை மேசையில் இருந்தார்கள்,
இது நின்றபடியே மென்று முடித்தது.
வரிசையில் நின்ற ஒரு கிழவர் சிரித்து,
சிரித்ததற்காக வேறுபக்கம் பார்த்தார்.

நஸ்ருல்லாவை அழைத்தேன்,
இன்னொரு பிரதி கிடைக்குமா.
"பிரதிக்கென்ன பஞ்சம்" என்றவர்
கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்:
"இப்பதான் உள்ள பார்த்துட்டு வாறன்.
உறுதி மூண்டு இருக்கு தங்கச்சி.
காணி ஒண்டுதான்."

பஸ் வந்தது. ஏறவில்லை.

அடுத்த கிழமை அதே மேசை.
டோகாவில் தாதியாக இருந்து வந்த ஒருத்தி,
புது நீலக் கோப்பு, எட்டு பேர்ச், அலஸ்தோட்டம்.
எல்லாரும் சொல்லி முடித்தபின்
என் பக்கம் திரும்பினாள்:
"நீங்கள் என்ன சொல்லுறீங்கள் அக்கா?"

பெர்மிற், உவர், மாரி, திகதி
எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன.

பையின் சிப்பை இழுத்து மூடுங்கோ, என்றேன்.
இஞ்சை மான் நிக்கும்.